எடை குறைந்த பிறகு முகமும் முடியும் ஏன் இப்படி மாறின?

கேள்வி: நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையைச் சேர்ந்தவள். வயது 42, உயரம் 156 செ.மீ. கணவரின் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்குப் பார்க்கிறேன். தை மாதம் 86 கிலோ எடையுடன், மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவுமுறையைத் தொடங்கினேன். நான்கே மாதத்தில் 68 கிலோவுக்கு வந்துவிட்டேன். ஆனால் கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே குழி விழுந்து, கழுத்துத் தோல் தொங்குகிறது. மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது. முதுகிலும் மார்பிலும் அரிப்புடன் சிவந்த பொரிகள் வந்து, வலை விரித்ததுபோல் கறுப்புத் தழும்பு நிற்கிறது. உள்ளங்கை மஞ்சளாகத் தெரிகிறது. பின்கழுத்தில் பல வருடமாக இருந்த கறுப்பு மட்டும் குறைந்திருக்கிறது. கல்யாண வீடுகளில் பார்க்கிறவர்கள் எல்லாம் சர்க்கரையா, வேறு வியாதியா என்று கேட்பதால் வெளியே போகவே கூச்சமாக இருக்கிறது. முட்டை சாப்பிடுவேன், மற்ற அசைவம் இல்லை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். இந்த உணவை நிறுத்திவிடட்டுமா? போன முகம் திரும்பி வருமா? 16 வயது மகளும் இதைத் தொடங்க ஆசைப்படுகிறாள், அனுமதிக்கலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

கடிதத்தையும் அதனுடன் நீங்கள் அனுப்பிய ஒரு வார உணவுக் குறிப்பையும் நிதானமாகப் படித்தேன். நீங்கள் சொல்லியிருக்கும் மாற்றங்கள் எல்லாம் ஒரே காலத்தில் வந்தவை என்பதால் ஒரே காரணத்தால் வந்தவை என்று தோன்றுவது இயல்பு. உண்மையில் அவை வெவ்வேறு காரணங்களால் வந்தவை. அவற்றுள் ஒன்றுக்கு உடனே மருத்துவம் வேண்டும், சில காலப்போக்கில் தாமே சரியாகும், ஒன்று நல்ல மாற்றம். ஆகவே நிறுத்துவதா, தொடர்வதா என்று இரண்டில் ஒன்றைக் கேட்காமல், எதை மாற்றுவது என்று பார்ப்போம். உங்கள் விஷயத்தில் மாற்ற வேண்டியவை எடை இறங்கிய வேகமும், தட்டில் விழுந்த புரதத்தின் குறைவும்தான் என்பது என் கருத்து.

முதலில் கவனிக்க வேண்டியது முதுகில் வந்த பொரிகளை. மாசி, பங்குனி வெயிலில் வந்ததால் வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சேலத்துக் கோடையில் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் வேர்க்குரு வலை போன்ற கறுப்பை விட்டுச் செல்வதில்லை. தோள்பட்டைகளுக்கு நடுவிலும், மார்பிலும், பிடரியிலும் அரிப்புடன் சிவந்த பொரிகள் எழும்பி, அவை அடங்கிய இடத்தில் பின்னல் போன்ற தழும்பு நின்று, அதன்மேலேயே மறுபடியும் புதிய பொரிகள் கிளம்புமானால், தோல் மருத்துவர்கள் முதலில் நினைப்பது புரூரிகோ பிக்மென்டோசா என்ற நிலையைத்தான். ஜப்பானியத் தோல் மருத்துவர் நாகாஷிமாவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1971இல் இதை முதன்முதலாக விவரித்தார்கள். உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன்கள் இரத்தத்தில் உயரும்போது, அதாவது கடும் பட்டினியிலும், கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோயிலும், மாவுச்சத்தை மிகவும் குறைத்த உணவுமுறைகளிலும், சிலருக்கு மட்டும் இது வருகிறது. ஒட்டிக்கொள்ளும் நோயன்று. வீட்டில் யாரும் துண்டையும் சோப்பையும் பிரித்து வைக்க வேண்டியதில்லை.

நேரில் பார்க்காமல் இதை நான் உறுதியாகச் சொல்ல முடியாது. படர்தாமரையும் ஒவ்வாமையும் சில சமயம் இதே போலத் தோன்றும். ஒரு தோல் மருத்துவரிடம் காட்டினால், தோலைச் சற்றுச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துப் படர்தாமரை இல்லை என்பதை அப்போதே தெரிந்துகொள்ளலாம். ஐயம் நீடித்தால் மிகச் சிறிய தோல் துணுக்குப் பரிசோதனை போதும். புரூரிகோ என்று தெரிந்தால், டாக்சிசைக்ளின் அல்லது மினோசைக்ளின் மாத்திரையைச் சில வாரங்களுக்குத் தருவது வழக்கம். கிருமியைக் கொல்வதற்காக அன்றி, அழற்சியைத் தணிப்பதற்காகவே அவை இங்கே பயன்படுகின்றன. கர்ப்பமாக இருக்கும் வாய்ப்பு சிறிதாவது இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மாத்திரையுடன், உணவில் மாவுச்சத்தை ஓரளவு திரும்பச் சேர்ப்பதும் அவசியம்; பலருக்கு அதைச் சேர்த்த சில வாரங்களில் புதிய பொரிகள் வருவது நின்றுவிடுகிறது. தழும்பின் கறுப்பு மட்டும் மெதுவாகத்தான் வெளுக்கும். பல மாதங்கள் ஆகலாம். நாரால் தேய்த்தால் இன்னும் கறுக்கும்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கித் தடவி வரும் ட்யூபை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அதில் உள்ள குளோபெட்டசால் மிகவும் வீரியமான ஸ்டீராய்டு. இந்த வகைப் பொரிக்கு அது பெரும்பாலும் பயன் தருவதில்லை. மாறாக, படர்தாமரையாக இருந்தால் அடையாளம் தெரியாமல் மறைத்துப் பரவச் செய்யும், நாள்பட்டால் தோலை மெலியவும் வைக்கும். ஒரு வாரம் தடவிவிட்டு மருத்துவரைப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டு, நோய் இன்னதென்றே தெரியாத நிலையில் வந்து சேருபவர்களைப் பார்க்கும்போது மிகவும் வேதனையாக இருக்கிறது.

இனி முகத்துக்கு வருகிறேன். கீட்டோவில் ஒரு நாளைய மாவுச்சத்து பொதுவாக 20 முதல் 50 கிராமுக்குள் நின்றுவிடுகிறது. உடல் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும் தசைகளில் ஏறத்தாழ 400 கிராமும் இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்து நின்றதும் இந்தச் சேமிப்பு கரைகிறது, நீர் வெளியேறுகிறது. இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியேற்றுகிறது. முதல் இரண்டு வாரத்திலேயே கால் கொலுசும் மோதிரமும் தளர்ந்துவிட்டன என்று வியந்து எழுதியிருக்கிறீர்களே, அப்போது இறங்கியது பெரும்பாலும் நீர்தான். முகத்தின் உப்பலும் அதனுடனேயே வடிந்தது. அதற்குப் பிறகுதான் கொழுப்பு குறையத் தொடங்கியது. கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் கண்ணுக்குக் கீழும் சிறு மெத்தைகளாக அமைந்திருக்கும் கொழுப்பும் அதில் அடக்கம். வயிற்றில் மட்டும் குறையட்டும், முகத்தில் இருக்கட்டும் என்று தேர்ந்தெடுக்கும் வழி எந்த உணவுமுறையிலும் கிடையாது. அரிசி சாப்பிட்டுக்கொண்டே 18 கிலோ குறைத்திருந்தாலும் கன்னம் ஒட்டித்தான் இருக்கும்.

போன முகம் திரும்புமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில், ஒரு பகுதி திரும்பும் என்பதே. மாவுச்சத்தைச் சற்றுக் கூட்டியதும் நீரும் உப்பும் ஓரளவு மீளும். அந்தக் காய்ந்த, சோர்ந்த தோற்றம் சில வாரங்களில் மாறும். எடை ஒரே அளவில் நின்ற பிறகு தோல் மெல்ல மெல்லச் சுருங்கிக்கொள்ளும். இது ஓராண்டுக்கு மேலும் நடக்கும் வேலை. வயது, எத்தனை ஆண்டுகள் பருமனாக இருந்தோம், வெயிலில் எவ்வளவு நின்றோம் என்பவற்றைப் பொறுத்து அது எவ்வளவு சுருங்கும் என்பது அமையும். கழுத்துத் தோல் முழுவதுமாக இறுகிவிடும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். விலை உயர்ந்த எந்தக் களிம்பும் அதை இறுக்காது. கன்னக் குழியை நிரப்பும் ஃபில்லர் ஊசி போட்டுக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எடை இறங்கிக்கொண்டிருக்கும்போது வேண்டாம். எடை நிலைத்து ஆறு மாதமாவது ஆன பிறகு கண்ணாடியைப் பாருங்கள்; பலர் அந்தக் கட்டத்தில் ஊசி தேவையில்லை என்று தாமே முடிவு செய்கிறார்கள்.

தொங்கும் கைத்தோலுக்கு ஓரளவு உதவக்கூடியது தசை. நீங்கள் தினமும் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் நடப்பது இதயத்துக்கும் மனத்துக்கும் நல்லது. ஆனால் வேகமாக எடை குறையும்போது கொழுப்புடன் தசையும் கரைகிறது, நடை மட்டும் அதைக் காப்பாற்றாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைத் தூக்கி இறக்குவது என்று வீட்டிலேயே தொடங்குங்கள்.

முடி உதிர்வதுதான் உங்களை அதிகம் கலங்க வைத்திருக்கிறது என்று கடிதத்தில் தெரிகிறது. தலைமுடி ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்ந்து, பிறகு மூன்று மாதம் போல ஓய்ந்து, உதிர்கிறது. சாதாரண நாள்களில் ஒவ்வொரு முடியும் தன் தன் கணக்கில் இதைச் செய்வதால், நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்ந்தாலும் நமக்குத் தெரிவதில்லை. பெரிய காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, வேகமான எடைக்குறைவு போன்ற அதிர்ச்சி வரும்போது ஏராளமான முடிகள் ஒருசேர ஓய்வுக்குப் போய்விடுகின்றன. இரண்டு மூன்று மாதம் கழித்து ஒருசேர உதிர்கின்றன. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் கோடை மழை ஒன்று பெய்தால் செடிகளெல்லாம் ஒரே சமயத்தில் பூத்து, ஒரே சமயத்தில் பூ உதிர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ அதுதான் இங்கும் நடக்கிறது. தை மாதத்தில் தொடங்கிய உணவுக்குப் பங்குனியில் முடி உதிர்ந்தது இந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது. சீப்பில் வரும் முடியின் முனையில் வெள்ளையாக ஒரு சிறு குமிழ் இருப்பதைப் பார்த்து வேரே போய்விட்டது என்று பயந்திருக்கிறீர்கள். அது ஓய்வுக்குப் போன முடியின் அடையாளம் மட்டுமே. வேர்ப்பை தலைத்தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. குறையைச் சரிசெய்தால் மூன்று முதல் ஆறு மாதத்தில் உதிர்வது அடங்கும். வகிட்டோரத்தில் குட்டை முடிகள் எழுந்து நிற்பது நல்ல அறிகுறி. மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு செ.மீ. தான் வளரும் என்பதால் பின்னல் பழைய கனத்துக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆகும். வகிடு மட்டும் நாளுக்கு நாள் அகன்றுகொண்டே போனாலோ, புழுவெட்டுப் போல வட்டமாக முடி போனாலோ அது வேறு நோய். அதைத் தனியாகக் காட்ட வேண்டும்.

இப்போது உங்கள் உணவுக் குறிப்பு. பெரும்பாலான நாள்களில் மூன்று முட்டை, ஒரு கைப்பிடி பாதாம், மதியம் 100 கிராம் பனீரும் காலிஃபிளவரும், இரவில் வெறும் வெண்ணெய்க் காப்பி என்று இருக்கிறது. முட்டையில் 18 கிராம், பனீரில் ஏறத்தாழ 18 கிராம், பாதாமில் 6 முதல் 10 கிராம் என்று எல்லாம் சேர்த்தாலும் புரதம் 45 கிராமைத் தாண்டுவது அரிது. உங்களுக்கு இப்போது நாளொன்றுக்கு 60 முதல் 70 கிராம் வேண்டும். மாவுச்சத்து குறைவு என்பதற்காக அல்ல, மொத்த உணவே மிகக் குறைவு என்பதால்தான் உடல் முடியைக் கைவிட்டிருக்கிறது. கொழுப்பு வயிற்றை நிரப்பிப் பசியை அடக்கிவிடுவதால், நம்மவர்களில் அசைவம் உண்ணாதவர்கள் இந்த உணவுமுறையில் பட்டினியை அறியாமலேயே பட்டினி கிடக்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம்.

இத்துடன் இரும்புச்சத்தையும் பார்க்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை உண்டு. ஹீமோகுளோபினுடன் ஃபெரிட்டினும் பார்த்தால்தான் உடலில் இரும்பின் சேமிப்பு எவ்வளவு என்று தெரியும். தைராய்டுக்கு டி.எஸ்.எச்., வைட்டமின் பி12, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளையும் சேர்த்து ஒரே தடவையில் செய்துகொள்ளுங்கள். சிலருக்குக் கீட்டோவில் கெட்ட கொழுப்பு எதிர்பாராத அளவு உயர்ந்துவிடுகிறது. வெண்ணெயும் நெய்யும் தேங்காயும் இவ்வளவு சேரும்போது பார்க்காமல் இருக்கக் கூடாது. முடிக்கென்று நீங்கள் தொடங்கியிருக்கும் பயோட்டின் மாத்திரை, அதன் குறைபாடு இல்லாதவருக்குப் பெரிதாக உதவாது. தைராய்டு முடிவுகளைப் பிழையாகக் காட்டவும் செய்யும். பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பாவது அதை நிறுத்துங்கள். இரும்பு மாத்திரை தரப்பட்டால் காப்பியுடனோ தேநீருடனோ விழுங்காதீர்கள். இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்.

உள்ளங்கை மஞ்சள் பெரும்பாலும் தினமும் சாப்பிடும் பரங்கிக்காயும் கீரையும் தந்த நிறம்; கரோட்டின் தோலில் படிவதால் வருவது, தீங்கற்றது. கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அதுவும் மஞ்சளாக இருந்தாலோ, சிறுநீர் கருத்துப் போனாலோ, வலது விலாவுக்குக் கீழே வலி வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வேகமாக எடை குறைபவர்களுக்குப் பித்தப்பைக் கல் உருவாகும் வாய்ப்பு கூடுதல்.

பின்கழுத்துக் கறுப்பு குறைந்தது நல்ல செய்தி. அது அழுக்கன்று, இன்சுலின் உடலில் தேவைக்கு மேல் சுரந்ததன் வெளிப்பாடு. எடை குறைந்து இன்சுலினும் இறங்கியதால் அது வெளுத்திருக்கிறது. அந்த இடத்திலுள்ள சிறு மருக்கள் தாமாக விழாது. வேண்டுமானால் மருத்துவர் எளிதாக நீக்கிவிடுவார். நூல் கட்டி அறுக்க வேண்டாம்.

அடுத்த மூன்று மாதத்துக்கு எடையைக் குறைக்க முயலாதீர்கள். 68 கிலோவிலேயே நில்லுங்கள். உங்கள் உயரத்துக்கு இது இன்னும் கூடுதல்தான், ஆனால் அவசரமில்லை. மாவுச்சத்தை ஒரேயடியாகக் கூட்டாமல், முதல் வாரத்தில் மதியம் ஒரு கிண்ணம் சுண்டலோ பச்சைப்பயறோ, அடுத்த வாரத்தில் காலையில் இரண்டு இட்லியுடன் கெட்டியான சாம்பார், பிறகு இரவில் ஒரு சிறு கேழ்வரகு அடையும் தயிரும் என்று படிப்படியாக நாளுக்கு 100 கிராம் அளவுக்கு வாருங்கள். வெண்ணெய்க் காப்பி இரவு உணவுக்கு ஈடாகாது. வேர்க்கடலை, சோயா உருண்டை, கூடுதலாக ஒரு முட்டை ஆகியவற்றால் புரதம் நிறைந்துவிடும். உணவு திரும்பியது என்று ஜவ்வரிசி உப்புமாவுக்கும் மரவள்ளிக் கிழங்குக்கும் நேராகப் போய்விட வேண்டாம். ஜவ்வரிசியில் 100 கிராமுக்கு 85 கிராமுக்கு மேல் மாவுச்சத்துதான், புரதம் ஏறத்தாழ இல்லை. மாம்பழக் காலம் இது. மல்கோவாவோ இமாம்பசந்தோ இரண்டு கீற்று சாப்பிடுங்கள், அதில் பயமில்லை. முதல் வாரத்தில் எடை ஒன்று இரண்டு கிலோ ஏறினால் அது திரும்பி வந்த நீர். அதைக் கண்டு மறுபடியும் பட்டினிக்குத் திரும்பாதீர்கள். மூன்று மாதம் கழித்து மேலும் குறைக்க விரும்பினால், வாரத்துக்கு அரைக் கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

18 கிலோ குறைந்த பிறகும் இரத்த அழுத்த மாத்திரையைப் பழைய அளவிலேயே எடுத்து வருகிறீர்கள். எழுந்து நிற்கும்போது கண் இருட்டுவதாக எழுதியிருப்பது அதனால் இருக்கலாம். இந்த வாரமே அழுத்தத்தை அளந்து, எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு சொல்: இன்சுலின் ஊசி, கிளிமிபிரைடு, டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவற்றில் எதையாவது எடுக்கும் சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் கீட்டோவைத் தொடங்குவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

கல்யாண வீட்டுக் கேள்விகளைப் பற்றி. நம் ஊரில் ஒருவர் திடீரென்று இளைத்தால் சர்க்கரையோ காசநோயோ என்று கேட்பது பல காலத்து அனுபவத்திலிருந்து வந்த அக்கறை. கேட்கும் முறை புண்படுத்தினாலும் அக்கறையை ஏற்றுக்கொள்ளலாம். "நானே உணவு மாற்றிக் குறைத்தேன், பரிசோதனையும் செய்துகொண்டேன்" என்று சொல்லிவிடுங்கள். அந்த இரண்டாம் பாதி உண்மையாக இருக்கும்படி முதலில் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். உணவைக் கூட்டிய பிறகும் எடை இறங்கிக்கொண்டே போனால், அது உணவுமுறையின் விளைவு என்று விட்டுவிடாமல் உடனே காரணம் தேட வேண்டும்.

மகளுக்கு இந்த உணவுமுறை வேண்டாம். சிறுவர்களுக்குக் கீட்டோ தருவது 1921 முதல் உண்டு. ஆனால் அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோய்க்காக, நரம்பியல் மருத்துவரும் உணவியல் நிபுணரும் கூட இருந்து, வளர்ச்சியையும் சிறுநீரகக் கல்லையும் எலும்பையும் கண்காணித்துத் தருவது. 16 வயதில் எலும்பு இன்னும் அடர்த்தி பெற்றுக்கொண்டிருக்கிறது, மாதந்தோறும் இரும்பு இழப்பும் உண்டு. அந்த வயதில் தொடங்கும் கடும் கட்டுப்பாடு உணவைப் பற்றிய அச்சமாக மாறிவிடுவதும் உண்டு. அவளுக்கும் பின்கழுத்து கறுத்திருந்தாலோ, மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்தாலோ, அதற்கு உரிய பரிசோதனை தனியாக இருக்கிறது. அவளுடைய உயரம், எடை, மாதவிடாய் விவரம், ஹீமோகுளோபின் அளவு ஆகியவற்றையும் அவள் ஒரு வாரம் என்னென்ன சாப்பிடுகிறாள் என்பதையும் அவள் கையாலேயே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அவளுக்கு வேண்டிய உணவைத் தனியாக எழுதுகிறேன்.